வாக்கை எண்ணுகிற கை

(நாகபுரியில் நடந்த சங்க மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று அமெரிக்காவைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் சிலர் சிரித்தார்கள். "ரேஷன் கார்டு மாற்றிக் கொடுக்க ஆளில்லை, குவார்ட்டர்ஸில் தண்ணீர் வரவில்லை, இதில் அமெரிக்கா எதற்கு?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதே தோழர்கள் டீக்கடையில் உட்கார்ந்து இன்னொரு பேச்சும் பேசுகிறார்கள். "அவ்வளவு படித்த நாடு, அவ்வளவு பணக்கார நாடு, அங்கேயே தேர்தல் முடிவை ஒத்துக்கொள்ளாமல் அடித்துக்கொள்கிறார்கள். நம்முடைய ஒரு ஓட்டினால் என்ன ஆகிவிடப் போகிறது?" என்கிறார்கள். அப்படிச் சொல்லிவிட்டு வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதையும் விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவின் நோயைக் காரணம் காட்டி நம்முடைய மருந்தை நாமே கொட்டிவிடுகிறோம். ஆகவேதான் அந்த நோய் என்ன, அதைத் தாங்கி நிற்கிற உடம்பில் தெம்பு எங்கே இருக்கிறது என்று இன்று பார்க்கிறோம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவில் குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி என்று இரண்டு பெரிய கட்சிகள் உண்டு. இந்த மேடை இரண்டில் எதற்கும் கொடி பிடிக்க வரவில்லை. வெளிநாட்டுத் தேர்தலில் நமக்கு வாக்கில்லை. ஆனால் எண்ணிக்கை நேர்மையாக நடக்க வேண்டும் என்று சொல்ல உலகில் எந்த உழைப்பாளிக்கும் உரிமை உண்டு.

சார்ஜ் கொடுக்க மறுத்தால்?

ரயில்வேயில் நமக்கெல்லாம் தெரிந்த ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் மாற்றலாகிப் போகிறார் என்றால், புதிதாக வருபவரிடம் கேஷ், டிக்கெட் கட்டு, சாவி, பதிவேடு எல்லாவற்றையும் எண்ணி ஒப்படைத்து, கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இதற்குச் சார்ஜ் கொடுப்பது என்று பெயர். வருகிறவரைப் பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்று யாரும் கேட்பதில்லை. சார்ஜ் கொடுக்க மாட்டேன் என்று ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டால் ஸ்டேஷன் நின்றுபோகும். ஜனநாயகத்தின் உயிர்நாடியும் இதுதான். தோற்றவர் சார்ஜ் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

2020 நவம்பரில் அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. கொரோனா பரவிய காலத்திலும் 15 கோடிக்கும் அதிகமானோர் வாக்களித்தார்கள். தகுதியுள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வாக்களித்த தேர்தல் அது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கே அந்த அளவு வாக்குப் பதிவு நடந்ததில்லை. ஜோ பைடன் 8 கோடியே 10 லட்சத்துக்கு மேல் வாக்குகள் பெற்றார். டொனால்டு டிரம்ப் 7 கோடியே 40 லட்சத்துக்கு மேல் பெற்றார். தேர்வாளர் குழுவில் 306க்கு 232 என்று முடிவாயிற்று. தோற்றவர் தோல்வியை ஏற்கவில்லை. அவர் தரப்பில் 60க்கும் மேற்பட்ட வழக்குகள் போடப்பட்டன. ஏறக்குறைய எல்லாமே தள்ளுபடியாயின. தள்ளுபடி செய்த நீதிபதிகளில் அவரே நியமித்தவர்களும் இருந்தார்கள்.

அதன் பிறகு 2021 ஜனவரி 6 வந்தது. தேர்வாளர் குழுவின் வாக்குகளை நாடாளுமன்றத்தில் வைத்து எண்ணுகிற நாள் அது. கூட்டம் கட்டடத்துக்குள் புகுந்தது. சுமார் 140 போலீஸ்காரர்கள் காயமடைந்தார்கள். எண்ணுகிற பொறுப்பில் இருந்த துணை ஜனாதிபதி மைக் பென்ஸைத் தூக்கிலிட வேண்டும் என்று வெளியே கோஷம் எழுந்தது. அவர் டிரம்பின் சொந்தக் கட்சிக்காரர், அவரோடு நான்கு ஆண்டுகள் பதவியில் இருந்தவர். வாக்குகளை ஒதுக்கித் தள்ளும் அதிகாரம் தமக்கில்லை என்று சொன்னதுதான் அவர் செய்த குற்றம். அன்றிரவே சபை மீண்டும் கூடியது. பொழுது விடிவதற்குள் எண்ணிக்கை முடிந்தது. ஆனால் அவ்வளவு நடந்த பிறகும் இரு சபைகளிலும் சேர்த்து 147 உறுப்பினர்கள் ஏதாவதொரு மாநிலத்தின் முடிவை ஏற்கக்கூடாது என்றே கைதூக்கினார்கள். அதையும் நாம் மறக்கக்கூடாது.

கணக்குப் புத்தகத்திலேயே இருக்கும் கோளாறு

ஒரு தனி மனிதரைத் திட்டித் தீர்த்துவிட்டால் விஷயம் முடிந்துவிடாது. அங்குள்ள ஏற்பாட்டிலேயே சில கோளாறுகள் உண்டு.

அமெரிக்க ஜனாதிபதியை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. 538 தேர்வாளர்கள் இருக்கிறார்கள், 270 பேர் கிடைத்தவர் ஜனாதிபதி. பெரும்பாலான மாநிலங்களில் ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவருக்கே அந்த மாநிலத்தின் எல்லாத் தேர்வாளர்களும் போய்விடுவார்கள். இதனால் மக்கள் வாக்கில் முந்தியவர் தோற்பதும் உண்டு. 2000ஆம் ஆண்டில் ஆல் கோர் நாடு முழுவதும் 5 லட்சத்துக்கு மேல் கூடுதல் வாக்குப் பெற்றும் தோற்றார். புளோரிடா மாநிலத்தில் 537 வாக்கு வித்தியாசம்தான் முடிவைத் தீர்மானித்தது. மறு எண்ணிக்கையை உச்சநீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் நிறுத்தியது. 2016இல் ஹிலாரி கிளிண்டன் 28 லட்சத்துக்கு மேல் கூடுதலாகப் பெற்றும் தோற்றார்.

செனட் சபையில் மாநிலத்துக்கு இரண்டு உறுப்பினர். 2020 கணக்கெடுப்பின்படி கலிபோர்னியாவில் 3 கோடியே 95 லட்சம் மக்கள். வயோமிங் மாநிலத்தில் 6 லட்சம்கூட இல்லை. இரண்டுக்கும் இரண்டிரண்டு உறுப்பினர்கள்தான்.

மூன்றாவது கோளாறு தொகுதிக் கோடு. அங்கே பல மாநிலங்களில் தொகுதி எல்லையை ஆளுங்கட்சியே வரைந்துகொள்கிறது. 1812இல் மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்த எல்பிரிட்ஜ் கெர்ரி ஒப்புதல் கொடுத்த ஒரு தொகுதி, பல்லி இனத்தைப் போன்ற சாலமாண்டர் என்ற பிராணியின் வடிவில் நெளிந்து கிடந்ததாம். அன்றிலிருந்து இந்தத் தில்லுமுல்லுக்குக் கெர்ரிமாண்டர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. எதிர்க்கட்சி வாக்காளர்களையெல்லாம் ஒரே தொகுதியில் அடைத்துவிடுவார்கள், அல்லது நாலா பக்கமும் சிதறடித்துவிடுவார்கள். வாக்காளர் பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பது போய், பிரதிநிதி வாக்காளரைத் தேர்ந்தெடுக்கிறார். 2019இல் இந்த வழக்கு உச்சநீதிமன்றத்துக்கு வந்தது. வட கரோலினாவில் குடியரசுக் கட்சி வரைந்த வரைபடமும் மேரிலாந்தில் ஜனநாயகக் கட்சி வரைந்த வரைபடமும் ஒரே தீர்ப்பில் அடங்கின. கட்சி லாபத்துக்காகக் கோடு போடுவதில் மத்திய நீதிமன்றங்கள் தலையிட முடியாது என்று 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பாயிற்று. 2025இல் டெக்ஸாஸில் குடியரசுக் கட்சி தனக்கு 5 இடங்கள் கூடும்படி நடுவிலேயே வரைபடத்தை மாற்றியது. பதிலுக்குக் கலிபோர்னியாவில் ஜனநாயகக் கட்சி அதே வேலையைச் செய்து, நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் ஒப்புதலும் வாங்கிவிட்டது. திருடனைப் பிடிக்கத் திருடனாக வேண்டும் என்று இரு பக்கமும் சொல்லிக்கொண்டால், கடைசியில் வீட்டுச் சாமான்தான் மிஞ்சாது.

பிளவினால் யாருக்கு நஷ்டம்?

தாய்மார்களே, கட்சிச் சண்டையில் அடிபடுவது தலைவர்கள் அல்ல. 2018 டிசம்பர் 22 முதல் 2019 ஜனவரி 25 வரை 35 நாட்கள் அமெரிக்க மத்திய அரசின் ஒரு பகுதி மூடிக் கிடந்தது. நிதி ஒதுக்கீட்டில் இரு கட்சிகளும் ஒத்துப்போகவில்லை. சுமார் 8 லட்சம் அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் இல்லை. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சம்பளமில்லாமலே வேலைக்கு வர வேண்டியிருந்தது. விமான நிலையத்தில் பையைச் சோதிக்கிற ஊழியர்கள் இலவச உணவு கொடுக்கும் இடத்தில் வரிசையில் நின்றார்கள். முடிவில் விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் ஊழியர்கள் பற்றாக்குறையாகி விமானங்கள் தாமதமானபோதுதான் தலைவர்களுக்கு வழி தெரிந்தது. 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை மறுபடியும் 43 நாட்கள் மூடினார்கள். மாதச் சம்பளத்தில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்டுகிற நமக்கு, 43 நாள் சம்பளம் இல்லையென்றால் என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை.

பண நஷ்டத்தைவிடப் பெரிய நஷ்டமும் உண்டு. எதிர்க்கட்சிக்காரனை எதிரி என்று நினைக்கப் பழகிவிட்டால் ரத்தம் சிந்த அதிக நாளாகாது. 2024 ஜூலை 13இல் பென்சில்வேனியாவில் ஒரு பொதுக்கூட்டத்தில் டிரம்பைச் சுட்டார்கள். காதில் காயத்தோடு அவர் தப்பினார், கூட்டத்தில் இருந்த ஒருவர் உயிரிழந்தார். 2025 ஜூன் 14இல் மின்னசோட்டா மாநிலத்தில் ஜனநாயகக் கட்சிச் சட்டமன்ற உறுப்பினர் மெலிசா ஹார்ட்மனும் அவர் கணவரும் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 10இல் வலதுசாரிப் பேச்சாளர் சார்லி கிர்க் யூட்டா மாநிலத்தில் பேசிக்கொண்டிருந்தபோதே கொல்லப்பட்டார். இரு பக்கத்திலும் பிள்ளைகள் தகப்பனில்லாமல் நிற்கிறார்கள்.

வெறுப்பு எப்படி வளர்கிறது என்பது நமக்குப் புதிதல்ல. அறுபதுகளின் இறுதியில் பம்பாயில் தென்னாட்டார் மீது கிளப்பிவிடப்பட்ட வெறுப்பை நம் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள். வேலையில்லாத இளைஞனிடம் "உன் வேலையைத் திருடியவன் பக்கத்து வீட்டு மதராஸி" என்று சொல்வது சுலபமாக இருந்தது. அமெரிக்காவிலும் தொழிற்சாலை மூடிய ஊர்களில் கோபம் இருக்கிறது. அந்தக் கோபம் உண்மையானது, அதை நாம் கேலி செய்யக்கூடாது. அதை யார் மேல் திருப்பிவிடுகிறார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

சட்டத்துக்கு மேலே ஒருவர்

1974இல் ரிச்சர்டு நிக்சன் ஜனாதிபதியாக இருந்தார். தன் பேச்சு பதிவான ஒலிநாடாக்களைக் கொடுக்க மறுத்தார். உச்சநீதிமன்றம் 8க்கு 0 என்று ஒருமனதாகக் கொடுக்கச் சொன்னது. அவருடைய சொந்தக் கட்சித் தலைவர்களே நேரில் போய், சபையில் ஆதரவு இல்லை என்று சொன்னார்கள். ஆகஸ்டு 9இல் அவர் பதவி விலகினார். கட்சியைவிட நாடு பெரிது என்று சொல்ல அன்று சொந்தக் கட்சியிலேயே ஆளிருந்தது.

2021 பிப்ரவரியில் செனட் சபை டிரம்ப் மீது வாக்கெடுத்தபோது 57 பேர் குற்றவாளி என்றார்கள், 43 பேர் இல்லை என்றார்கள். 67 தேவைப்பட்டது. சொந்தக் கட்சியில் 7 பேர்தான் எதிர்த்து வாக்களித்தார்கள். 2024 ஜூலை 1இல் உச்சநீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில், ஜனாதிபதி தம் முக்கிய அதிகாரங்களைக் கொண்டு செய்த காரியங்களுக்காக அவர்மீது குற்ற வழக்குப் போட முடியாது என்றும், மற்ற அலுவல் காரியங்களுக்கும் பாதுகாப்பு உண்டென்றே கருத வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. அந்த நவம்பரில் டிரம்ப் 312க்கு 226 என்று முறைப்படி வெற்றி பெற்றார். அதை நாம் மறுக்கவில்லை, மக்கள் கொடுத்த தீர்ப்பு அது. ஆனால் 2025 ஜனவரி 20இல் பதவியேற்ற அன்றே, ஜனவரி 6 வழக்குகளில் சிக்கிய சுமார் 1,500 பேருக்கு மன்னிப்பு வழங்கினார். போலீஸ்காரரை அடித்தவர்களும் அதில் அடக்கம். அடிபட்ட ஊழியரின் வீட்டில் அன்று என்ன பேசியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த ஆபத்தை நம் நாட்டில் முன்கூட்டியே சொன்னவர் ஒருவர் உண்டு. அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1913 முதல் 1916 வரை படித்தவர், இதே நாகபுரி மண்ணில் 1956 அக்டோபர் 14இல் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவியவர், டாக்டர் அம்பேத்கர். 1949 நவம்பர் 25இல் அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது, அரசியலில் தனி மனித பக்தி நாட்டைச் சீரழிவுக்கும் சர்வாதிகாரத்துக்கும் கொண்டுபோய்விடும் என்று அவர் எச்சரித்தார். அந்த எச்சரிக்கை அமெரிக்காவுக்கும் பொருந்தும், நமக்கும் பொருந்தும். 1975இல் நாமும் நெருக்கடி நிலையைப் பார்த்தோம். அதற்கு முந்திய ஆண்டு மே மாதத்தில் ரயில்வே வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டுச் சிறை சென்ற தொழிலாளர்கள் எத்தனையோ பேர். 1977 மார்ச்சில் அதே சாதாரண ஓட்டுத்தான் அந்த இருட்டை முடித்து வைத்தது.

நம்பிக்கை எங்கே இருக்கிறது?

தோழர்களே, இவ்வளவு சொன்ன பிறகு நம்பிக்கை எங்கே என்று கேட்பீர்கள். மேடையில் தேடாதீர்கள், கவுண்டரில் தேடுங்கள் என்று சொல்கிறோம்.

2020 தேர்தலில் ஜார்ஜியா மாநிலத்தில் வித்தியாசம் 11,779 வாக்குகள். சுமார் 50 லட்சம் வாக்குச் சீட்டுகளை ஒருமுறை கையாலேயே திரும்ப எண்ணினார்கள். பின்னர் இன்னொருமுறை இயந்திரத்தில் எண்ணினார்கள். ஜெயித்தவர் மாறவில்லை. தேர்தல் பொறுப்பில் இருந்த பிராட் ராபென்ஸ்பெர்கர் குடியரசுக் கட்சிக்காரர், டிரம்புக்கே ஓட்டுப் போட்டவர். 2021 ஜனவரி 2இல் ஜனாதிபதியே தொலைபேசியில் கூப்பிட்டு 11,780 வாக்குகளைக் கண்டுபிடித்துத் தரச் சொன்னார். அவர் கணக்கு சரிதான் என்று சொல்லிவிட்டார். நம் புக்கிங் ஆபீஸில் ராத்திரி கேஷ் டேலி ஆகும்போது, மேலதிகாரி வந்து வேறு தொகை எழுது என்றால் எழுதுவோமா? எழுதமாட்டோம். அந்த மனிதர் செய்ததும் அதுதான்.

அதே ஜார்ஜியாவில் தாயும் மகளுமாக இரண்டு கறுப்பினப் பெண்கள் வாக்கு எண்ணும் வேலை பார்த்தார்கள். நம்மைப் போன்ற சாதாரண ஊழியர்கள். ஒருவருக்கொருவர் ஏதோ கருவியைக் கைமாற்றிக் கள்ள வேலை செய்தார்கள் என்று, நியூயார்க் மேயராக இருந்த ரூடி ஜூலியானி ஊரெல்லாம் சொன்னார். கைமாறியது என்ன தெரியுமா? இஞ்சி மிட்டாய். மிரட்டலுக்குப் பயந்து தாய் வீட்டை விட்டே வெளியேற வேண்டியதாயிற்று. அவர்கள் நாடாளுமன்றக் குழுவின் முன் வந்து நடந்ததைச் சொன்னார்கள். அவதூறு வழக்கும் போட்டார்கள். 2023 டிசம்பரில் நடுவர் குழு அவர்களுக்கு 14 கோடியே 80 லட்சம் டாலர் நஷ்ட ஈடு தரச் சொன்னது. போன நிம்மதி பணத்தால் திரும்பி வராதுதான். ஆனாலும் ஒரு பெரிய மனிதரின் பொய்யை இரண்டு எளிய ஊழியர்கள் கோர்ட்டில் நிறுத்தி வென்றார்கள்.

இன்னொரு காட்சியைப் பாருங்கள். வாக்கு எண்ணும் சபைக்குத் தலைமை தாங்குவது துணை ஜனாதிபதி. 2001 ஜனவரி 6இல் அங்கே இருந்தவர் ஆல் கோர். மக்கள் வாக்கில் முந்தியும் தோற்றவர். தமக்குச் சாதகமாக எழுந்த ஆட்சேபணைகளைத் தாமே விதிப்படி நிராகரித்து, தம் தோல்வியைத் தாமே அறிவித்தார். 2021இல் பென்ஸ். 2025 ஜனவரி 6இல் கமலா ஹாரிஸ். அவருடைய தாயார் சியாமளா கோபாலன் 1958இல், 19 வயதில் படிப்புக்காகத் தனியாகக் கடல் கடந்து சென்ற தமிழ்ப் பெண். தாத்தாவின் பூர்வீகம் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம். அவர் ஜெயிக்க வேண்டும் என்று அந்த ஊர்க் கோயிலில் பூஜை நடந்தது. தோற்றபோது நம்மில் பலருக்கு வருத்தம். ஆனால் நாம் பெருமைப்பட வேண்டிய நாள் வேறு. தம்மைத் தோற்கடித்தவரின் 312 வாக்குகளையும் தம் 226 வாக்குகளையும் நிமிர்ந்து நின்று அறிவித்து, ஒரு கல்கூட விழாமல் சார்ஜ் கொடுத்தாரே, அந்த நாள்தான் அது. அதற்கு முன்பே 2022 டிசம்பரில் இரு கட்சி உறுப்பினர்களும் சேர்ந்து ஒரு சட்டம் கொண்டுவந்து, 1887ஆம் ஆண்டுப் பழைய சட்டத்தில் இருந்த ஓட்டைகளை அடைத்தார்கள். துணை ஜனாதிபதியின் வேலை எண்ணி அறிவிப்பது மட்டுமே என்று தெளிவாக எழுதினார்கள். சண்டை போடுகிறவர்களும் சேர்ந்து ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் போட முடியும் என்பதற்கு அது சாட்சி.

ரயில்காரர்கள் போட்ட பாதை

அமெரிக்க ஜனநாயகத்தை மீட்டதில் ரயில்வே ஊழியர்களுக்கும் பெரும் பங்கு உண்டு. இதை நம் சங்கத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அங்கே புல்மன் கம்பெனியின் படுக்கை வண்டிகளில் கறுப்பினத் தொழிலாளர்கள் வேலை பார்த்தார்கள். படுக்கை விரிப்பது, செருப்புத் துடைப்பது, பெட்டி தூக்குவது அவர்கள் வேலை. முதலாளியின் பெயர் ஜார்ஜ் என்பதால் பயணிகள் எல்லாத் தொழிலாளியையும் ஜார்ஜ் என்றே கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர்கூட இல்லாத பிழைப்பு. 1925இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் அவர்களுக்காகச் சங்கம் கட்டினார். 12 ஆண்டுகள் போராடி 1937இல் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார்கள். அந்தத் தொழிலாளர்கள் வடக்கே அச்சாகும் கறுப்பின மக்களின் பத்திரிகையைத் தெற்கே ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நம் மாத இதழை வண்டியில் ஊருக்கு ஊர் அனுப்புகிற தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1955 டிசம்பரில் மாண்ட்கோமரி நகரப் பேருந்தில் ரோசா பார்க்ஸ் இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதானபோது, அவரை ஜாமீனில் எடுத்தவர்களில் முன்நின்றவர் இ. டி. நிக்சன் என்ற படுக்கை வண்டித் தொழிலாளி. பிறகு 381 நாட்கள் மக்கள் பேருந்தில் ஏறாமல் நடந்தே போனார்கள். வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் அவர்களில் எத்தனையோ பேர்.

அந்தச் செய்தியை இதே நாகபுரியில் பத்திரிகையில் படித்தவர் ஓர் அமெரிக்க இளைஞர். பெயர் ஜேம்ஸ் லாசன். போருக்குப் போக மறுத்துச் சிறை சென்றவர். காந்தியடிகளின் வழியைக் கற்பதற்காக 1953 முதல் 1956 வரை இங்கே ஹிஸ்லாப் கல்லூரியில் இருந்தார். ஊருக்குத் திரும்பி, மார்ட்டின் லூதர் கிங்கோடு சேர்ந்து, நாஷ்வில் நகரில் மாணவர்களுக்கு அடி வாங்கியும் கைநீட்டாமல் நிற்கும் பயிற்சி கொடுத்தார். அந்த மாணவர்களில் ஒருவர் ஜான் லூயிஸ். 1965 மார்ச் 7இல் செல்மா நகரப் பாலத்தில் ஓட்டுரிமை கேட்டு நடந்து, போலீஸ் தடியடியில் மண்டை உடைந்தவர். அந்த வட்டாரத்தில் கறுப்பின மக்கள் பாதிக்கு மேல். ஆனால் வாக்குரிமை வயது வந்த அவர்களில் நூற்றுக்கு 2 பேர் அளவுக்குத்தான் வாக்காளர் பட்டியலில் இருந்தார்கள். 1870லேயே அரசியல் சட்டம் கொடுத்த உரிமை அது. 95 ஆண்டுகள் கழித்து, 1965 ஆகஸ்டு 6இல்தான் ஓட்டுரிமைச் சட்டம் கையெழுத்தாகி அது நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டத்தின் பலமான ஒரு பகுதியை 2013இல் உச்சநீதிமன்றம் 5க்கு 4 என்று செயலிழக்கச் செய்துவிட்டது. பழைய குற்றம் செய்த மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்ற முன்அனுமதி பெற வேண்டும் என்பது போயிற்று. ஆகவே வாங்கிய உரிமை பெட்டியில் வைத்துப் பூட்டிய நகை மாதிரி கிடக்காது. அது தண்டவாளம் மாதிரி. தினமும் ஆள் நடந்துபோய்ப் பார்த்து, கழன்ற போல்ட்டை முடுக்க வேண்டும்.

அப்படி முடுக்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மிச்சிகன் மாநிலத்தில் தொகுதிக் கோடு அநியாயமாக இருக்கிறது என்று சாதாரண மக்கள் கிளம்பி, கூலியில்லாத தொண்டர்களைக் கொண்டே 4 லட்சத்துக்கு மேல் கையெழுத்து வாங்கினார்கள். 2018இல் நூற்றுக்கு 61 பேர் ஆதரவோடு, கோடு போடும் வேலையை அரசியல்வாதிகளிடமிருந்து பறித்து 13 குடிமக்கள் கொண்ட குழுவிடம் கொடுத்தார்கள். அதே ஆண்டு புளோரிடாவில் தண்டனை முடித்த சுமார் 14 லட்சம் பேருக்கு ஓட்டுரிமை திரும்பக் கிடைக்க மக்கள் வாக்களித்தார்கள். அடுத்த ஆண்டே சட்டமன்றம் அபராதம் முழுவதும் கட்டினால்தான் ஓட்டு என்று முட்டுக்கட்டை போட்டது. ஒன்று கிடைத்தது, ஒன்று பாதி கிடைத்தது. போராட்டத்தின் கணக்கு இப்படித்தான் இருக்கும். நம் போனஸ் கணக்கும் இப்படித்தானே இருந்து வந்திருக்கிறது?

நாம் செய்ய வேண்டியது

ஆகவே தோழர்களே, "அமெரிக்காவே இப்படி" என்று சொல்லி விலகிப் போகிற உரிமை நமக்கு இல்லை. பிழைக்க வந்த ஊரில் நாம் சிறுபான்மை. வீடு மாறினால் பட்டியலில் பெயர் மாறாது. ஊரில் பெயர் நீங்கியிருக்கும், இங்கே சேர்ந்திருக்காது. சத்தமில்லாமல் நம் ஓட்டு செத்துப்போகும்.

மூன்று வேலைகளைச் சங்கம் உங்கள் முன் வைக்கிறது. முதல் வேலை, வீடு வீடாகப் போய் வாக்காளர் பட்டியலைச் சரிபார்ப்பது. 18 வயது நிறைந்த பிள்ளைகளுக்கு 6ஆம் நம்பர் படிவம். வீடு மாறியவர்களுக்கு 8ஆம் நம்பர் படிவம். எழுதத் தெரியாத தாய்மார்களுக்கு நம் இளைஞர்கள் உட்கார்ந்து நிரப்பிக் கொடுக்க வேண்டும். எந்தக் கட்சிக்கு ஓட்டு என்று ஒருவரும் கேட்கக்கூடாது.

இரண்டாவது வேலை, நம் சங்கத் தேர்தலையே சுத்தமாக நடத்துவது. எல்லோர் கண் முன்னாலும் எண்ணுவோம். தோற்ற நிர்வாகி அன்றைக்கே ரசீதுப் புத்தகத்தையும் பீரோச் சாவியையும் ஒப்படைத்து, ஜெயித்தவருக்கு மாலை போட வேண்டும். இந்தச் சின்ன இடத்தில் பழகாத நேர்மை பெரிய இடத்தில் வராது.

மூன்றாவது வேலைதான் கஷ்டமானது. இந்த அறையிலேயே நாலைந்து கட்சிக்காரர்கள் இருக்கிறோம். தேர்தல் நேரத்தில் வாட்ஸ்அப்பில் வசை அனுப்பிவிட்டு, கல்யாணப் பத்திரிகை கொடுக்காமல் விட்ட குடும்பங்களும் இங்கே உண்டு. அடுத்த மாதக் கூட்டத்துக்குள் ஒவ்வொருவரும் மாற்றுக் கட்சிக்காரர் ஒருவர் வீட்டுக்குப் போய் ஒரு தம்ளர் காப்பி குடித்துவிட்டு வர வேண்டும். வாதம் செய்யுங்கள், உரக்கவே செய்யுங்கள். ஆனால் எழுந்து வரும்போது செருப்பைத் தேடி எடுத்துக் கொடுக்கிற உறவு மிச்சமிருக்க வேண்டும்.

பட்டியல் சரிபார்க்கும் வேலை வரும் ஞாயிற்றுக்கிழமை காலை தொடங்குகிறது. பெயர் கொடுக்கிறவர்களுக்காக நோட்டுப் புத்தகம் வாசல் மேஜையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.